கட்டாக்காலியும் துன்மார்க்கனும்: ஒழுக்கக்கேட்டைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் யாழ்ப்பாணத்தில் தமிழான விதம்

1. ஒரு கதை, மூன்று வாய்கள்

லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பனும் இரண்டு மகன்மாரும் வருகிறார்கள். இளையவன் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்தத் தேவாலயங்களில் இது ‘கெட்ட குமாரன்’ கதை. ‘ஊதாரி மைந்தன்’ என்ற பெயரும் தமிழ்க் கிறிஸ்தவரிடையே உண்டு. ஒருவனே ஓரிடத்தில் கெட்டவன், இன்னோரிடத்தில் ஊதாரி.

கதைக்குள்ளேயே இன்னொரு வேறுபாடு இருக்கிறது. அவன் தூரதேசத்தில் எப்படி வாழ்ந்தான் என்பதற்குக் கதைசொல்லி ஒரே ஒரு பொதுச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘ரயட்டஸ்’. இன்று பரவலாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில் ‘துன்மார்க்கம்’. வேசிகள் என்ற பேச்சைக் கதைசொல்லி எடுப்பதில்லை. வயலிலிருந்து வந்து வாசலில் கோபித்துக்கொண்டு நிற்கும் மூத்தவன்தான் அதை எடுக்கிறான். தம்பி இருந்த தேசத்துக்கு அவன் போனதில்லை, எதையும் நேரில் கண்டதுமில்லை. கதைசொல்லி வெறுமையாக விட்ட இடத்தைத் தன் கற்பனையால் நிரப்புகிறான். தகப்பனோ மகனின் நடத்தையைப் பெயரிட்டு அழைக்கவேயில்லை. அவன் மரித்திருந்தான், காணாமற்போயிருந்தான் என்று மட்டும் சொல்கிறார்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அந்த வாசலில் தொடங்குகிறது. கட்டுக்கடங்காத வாழ்வை, சுகபோகத்தில் மூழ்கிய வாழ்வைக் குறிக்க ஆங்கிலத்தில் இருக்கும் நீண்ட சொல்வரிசை, 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் தமிழோடு சந்தித்தபோது என்ன நடந்தது? எந்தப் பொருள்கள் கடந்து வந்தன, எவை வழியில் உதிர்ந்தன? அதன் தடம் இன்றைய ஊர்ப்பேச்சிலும் செய்தித்தாளிலும் எப்படிக் கிடக்கிறது?

2. இதுவரை நிலவும் இரண்டு விளக்கங்கள்

இதைப் பற்றிப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தமிழரின் பாலொழுக்கக் கண்டிப்பு விக்டோரியா காலத்து ஆங்கிலேயரும் மிஷனரிமாரும் கொண்டுவந்தது என்பது. இதற்குச் சான்றாகச் சங்க இலக்கியத்தின் மருதத்திணை காட்டப்படும். அங்கே தலைவன் மனைவியை விட்டுப் பரத்தையிடம் போகும் பரத்தையிற் பிரிவு ஓர் இலக்கியத் துறை. மணத்துக்கு முந்தைய மறைவான காதலாகிய களவும் அகமரபில் ஒழுக்கத்தின் ஒரு வகை. ‘ஒழுக்கம்’ என்ற சொல்லே ஒழுகுதல், அதாவது நடந்துகொள்ளும் முறை என்ற பொதுப்பொருளில் நிற்கிறது.

இரண்டாவது விளக்கம் இதற்கு நேரெதிர். இக்கண்டிப்பு தமிழில் ஆதியிலிருந்தே இருந்தது, வெளியார் எதையும் புதிதாகத் தரவில்லை என்று அது சொல்லும். அதன் சான்று திருக்குறள்.

இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆனால் குறளின் அடைவைக் கவனித்தால் இரண்டுமே போதாதவை என்பது தெரியும். பிறனில் விழையாமை 15ஆம் அதிகாரம், அறத்துப்பாலில் இருக்கிறது. வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகிய மூன்றும் 92, 93, 94ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்துப் பொருட்பாலில் வருகின்றன. பிறன் வீட்டுக்குச் செய்யும் தீங்கு ஒரு கணக்கில், தன் பொருளையும் மதிப்பையும் தானே அழித்துக்கொள்வது வேறொரு கணக்கில். இப்பாகுபாடு தற்செயலானது என்று கொள்ள இடமில்லை. தமிழில் கண்டனம் பழையது, ஆனால் அது பிரித்துப் பார்க்கும் கண்டனம். ஆகவே கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, அந்தப் பிரிவினை எங்கே மங்கியது என்று கேட்பதே அதிகம் பயன் தரும்.

3. ஆங்கிலச் சொற்களின் உள்ளறை

ஆங்கில வரிசையும் வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் ஒன்றுபோலத் தோன்றும். சொற்களைத் திறந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உள்ளும் வேறு வேறு அச்சம் இருக்கிறது.

ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்று பொருள்படும் ‘டிபாச்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. வேலையாளை வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு போவது அதன் பழைய பொருள். இன்றைய பிரெஞ்சிலும் அதே வினைக்கு ஓர் இடத்து ஊழியரை இன்னோரிடத்துக்கு இழுப்பது, ஊழியரை நிறுத்துவது என்ற பொருள்கள் உண்டு. பட்டறை வெறுமையாகிவிடும் என்ற முதலாளியின் கவலை அச்சொல்லில் இருக்கிறது. ‘லிபர்டீன்’ இலத்தீனில் விடுதலை பெற்ற அடிமையின் நிலையைக் குறித்த சொல்லின் வழி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் மதச் சீர்திருத்தவாதி கால்வினை எதிர்த்தவர்களுக்கு அது பெயராயிற்று. சபைக்குக் கட்டுப்படாதவன் என்பதிலிருந்து உடலுக்குக் கட்டுப்படாதவன் என்பதற்கு அது பிறகு நகர்ந்தது.

‘லூட்’ பழைய ஆங்கிலத்தில் குருத்துவத்தைச் சேராத சாதாரண ஆளைக் குறித்தது. பிறகு படிக்காதவன், பண்பற்றவன் என்று இறங்கி, கடைசியில் காமவெறியன் ஆயிற்று. ‘வான்டன்’ சரியாக வளர்க்கப்படாத பிள்ளை. ‘பிராஃப்லிகேட்’ அடித்து வீழ்த்தப்பட்டவன். ‘டிஸிபேஷன்’ சிதறடித்தல். ‘டிஸொலூட்’ அவிழ்ந்து போனவன்.

‘லக்சரி’யின் பயணம் எதிர்த்திசையில் போனது. இடைக்கால ஆங்கிலத்தில் காமத்தைக் குறித்த சொல் இன்று சவர்க்காரத்தின் உறையிலும் பேருந்தின் பக்கத்திலும் பெருமையோடு நிற்கிறது.

இவற்றுள் ‘பிராஃப்லிகேட்’, ‘டிஸிபேஷன்’ ஆகியவை பண விரயத்தையும் குறிப்பவை என்பது நினைவில் வைக்க வேண்டியது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1730களில் ஒரு ‘ரேக்’கின், அதாவது ஒழுக்கங்கெட்ட ஊதாரியின், வாழ்வை எட்டு ஓவியங்களாகத் தீட்டினார். தகப்பன் சேர்த்த செல்வத்தைக் கையில் பெறும் இளைஞனில் அது தொடங்கி, கடன்காரர் சிறையிலும் பின்னர் மனநோயாளர் விடுதியிலும் முடிகிறது. குடியும் பெண்களும் நடுவே வருகிறார்கள் என்றாலும் கதையை நகர்த்துவது பரம்பரைச் சொத்தாகிய முதுசம் கரைவதுதான். யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

4. மொழிபெயர்ப்பு மேசை

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இல் உதயதாரகை இதழ் என்று அவர்களின் எழுத்துலகம் விரிந்தது. நல்லூரில் இருந்த திருச்சபை மிஷனின் ஜோசப் நைற் தொடங்கிய அகராதிப் பணி பல கைகளுக்கு மாறியது. மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் யாழ்ப்பாண அகராதி 1842இல் அச்சேறியது. உடுவிலில் பணிபுரிந்து பிறகு சென்னைக்குப் போன மிரன் வின்சுலோ 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதிக்கும் அந்த யாழ்ப்பாணத் திரட்டே அடித்தளம். வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தை மொழிபெயர்த்தார். அது 1850இல் வெளிவந்தது. தமிழையும் ஆங்கிலத்தையும் சொல்லுக்குச் சொல் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரும் பட்டறைகளில் ஒன்றாக அன்றைய குடாநாடு இருந்தது.

அம்மேசையில் இருந்தவர்களின் கையில் சொற்பஞ்சம் இல்லை. காமுகன், தூர்த்தன், விடன், ஊதாரி, துன்மார்க்கன் என்று தமிழ் தாராளமாகவே கொடுத்தது. ஆனால் இவற்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. தூர்த்தன் வடமொழியில் ஏமாற்றுக்காரன், சூதாடி. விடன் வடமொழி நாடகங்களில் கலையும் பேச்சுத்திறனும் வாய்ந்த, செல்வந்தனின் தோழன். தமிழ் அகராதிகளில் இருவரும் காமுகனின் பக்கத்திலேயே போய் அமர்ந்தார்கள். சூதாடியின் கள்ளமும் விடனின் நாவன்மையும் கழன்றுபோயின.

இந்த ஒடுக்கம் மிகத் தெளிவாகத் தெரிவது ‘துன்மார்க்கம்’ என்ற சொல்லில். கெட்ட வழி என்பதே அதன் நேர்ப்பொருள். லூக்கா கதையின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘அசோற்றொஸ்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் நான்காம் புத்தகத்தில் அதைத் தன் பொருளைத் தானே அழித்து அதனாலேயே அழிபவனுக்கு வழங்குகிறார். கைச்செலவு பற்றிய சொல் அது. இன்று வழங்கும் தமிழ் வேதாகமத்தில் அது துன்மார்க்கம் ஆகிறது. அதே வேதாகமத்தில் முதலாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில், கடவுளுக்கு எதிராக நிற்கும் கொடியவர்களும் துன்மார்க்கரே. ஊதாரித்தனமும் கொடுமையும் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. கதையைத் தமிழில் கேட்டு வளரும் பிள்ளைக்கு இளையவன் காசைக் கரைத்தவன் என்பதைவிட, வழியே கெட்டவன் என்ற படம்தான் முதலில் பதியும்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை மதிக்க வேண்டும். கலாத்தியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகள் பட்டியலாக வருகின்றன. அங்கே விபசாரம், வேசித்தனம், காமவிகாரம், வெறி, களியாட்டு என்று தமிழ் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயரிடுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் நுணுக்கம் இருக்கவில்லை என்று சொல்வது அநியாயம். பட்டியல் கேட்ட இடத்தில் அவர்கள் பிரித்தார்கள், கதை கேட்ட இடத்தில் பொதுமைப்படுத்தினார்கள். மக்கள் வாயில் நிலைத்தது கதைதான்.

சட்டத்தின் கதையும் இதையொட்டியது. உதயதாரகை தொடங்கிய அதே 1841இல் இலங்கையில் 4ஆம் இலக்க நாடோடிகள் கட்டளைச்சட்டம் பிறந்தது. பொதுத்தெருவில் கலகமாகவும் ஒழுங்கீனமாகவும் நடப்பவரை அது குற்றவாளியாக்கியது. அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் அந்த ‘ரயட்டஸ்’ என்ற சொல்லே இருக்கிறது. என்ன செய்தார் என்பதைவிட எப்படித் தோன்றினார் என்பதை அளக்கும் சொல் அது. கதையில் மூத்த அண்ணன் நின்ற இடத்தில் இங்கே பொலிஸ்காரர் நிற்கிறார்.

5. நாவலர் பிரித்துச் சொன்னவை

ஆறுமுக நாவலர் (1822–1879) பேர்சிவலின் மேசையில் இருந்தவர், பின்னர் அதைவிட்டு எழுந்தவர். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் ஒழுக்கப்பேச்சை அவர் அப்படியே வாங்கிச் சைவத்துக்குள் வைத்தார் என்ற கருத்து பரவலாக உண்டு. பாடநூல், பிரசங்கம், அச்சகம் ஆகிய கருவிகளைப் பொறுத்தவரை அது சரி. சொற்களைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது.

அவருடைய நான்காம் பாலபாடத்தில் கள்ளுண்ணல், வியபிசாரம், சூது என்பன தனித்தனித் தலைப்புகள். ஒவ்வொன்றும் எதை அழிக்கும் என்று தனித்தனியே சொல்லப்படுகிறது. குறளின் பிரித்துப் பார்க்கும் மரபு இங்கே பாடசாலைப் பிள்ளையின் கைக்கு வருகிறது. கண்டிப்பில் அவர் மிஷனரிமாருக்குக் குறைந்தவர் அல்லர். ஆனால் குற்றத்தை அதன் பெயரால் அழைத்தார்.

அவர் எதிர்த்தவற்றுள் கோயில் திருவிழாக்களில் நடந்த சதிர்க் கச்சேரியும் ஒன்று. குடாநாட்டில் நாகசுரமும் தவிலும் பெரியமேளம், ஆடும் பெண்களின் குழு சின்னமேளம். ஒரு கலைக்குழுவின் பெயரான சின்னமேளம், காலப்போக்கில் ஏளனத்தின் சாயலையும் ஏற்றுக்கொண்டது. குருத்துவத்தைச் சேராதவன் என்ற ‘லூட்’ காமவெறியன் ஆனதுபோல, கடவுளுக்கு அடியவள் என்று பொருள்படும் தேவரடியாள் தெருவின் மிகக் கொடிய வசையானாள். ஒரு சொல் கோயிலுக்கு வெளியே நின்றவரைக் குறித்தது, மற்றது கோயிலுக்கு உள்ளே நின்றவரை. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

6. ஊர்ப்பேச்சில் கட்டும் அவிழ்ப்பும்

அகராதியை மூடிவிட்டு ஊருக்குள் போனால் காட்சி மாறுகிறது. பெடியன் ஒருவன் வீட்டுக்கு அடங்காமல் திரிந்தால் அவனை யாரும் துன்மார்க்கன் என்பதில்லை. காவாலி, தறுதலை, கழிசடை, கட்டாக்காலி என்பார்கள்.

கட்டாக்காலி என்பது கட்டப்படாத மாடு. காலி என்றால் பழந்தமிழில் ஆநிரை. இன்றும் உள்ளூராட்சிச் சபைகள் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைப்பதாக அறிவித்தல் கொடுக்கின்றன. உரியவர் தண்டம் கட்டி மீட்க வேண்டும். இரவில் கதியால் வேலியின் பொட்டுக்குள்ளால் நுழைந்து வெங்காயத் தோட்டத்தையோ மிளகாய்க் கன்றுகளையோ மேய்ந்துவிட்டுப் போகும் மாட்டை நினைத்துப் பார்த்தால், இந்த வசைச்சொல்லின் முழுக் கனமும் விளங்கும். மாடு கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. கட்டியிருக்க வேண்டியவர் கட்டவில்லை, அயலவனின் விளைச்சல் போயிற்று. பழி பாதி மாட்டுக்கு, பாதி உடையவனுக்கு.

‘டிஸொலூட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லின் உள்ளே இருக்கும் அவிழ்தல் என்ற படமும் இதுவே. அகராதி தயாரித்தவர்கள் தேடிய மிக நெருங்கிய இணைச்சொல் அவர்களின் வாசலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குரிய மருந்தையும் ஊர்ப்பேச்சு அதே உருவகத்தில் சொல்லும்: ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் பெடியன் அடங்கியிடுவான். கால்கட்டு என்பது கலியாணம்.

அடுத்த உருவகம் தேட்டம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் என்று வகுக்கிறது. சட்டச் சொற்களாகிய இவை அடுப்படிச் சொற்களும்கூட. முதுசத்தை விற்றுக் குடித்தவன், தேடின தேட்டத்தை அழித்தவன், பெண்சாதியின் சீதனத்தைத் தின்றவன் என்று மூன்றுக்கும் மூன்று வசை. ஒவ்வொன்றிலும் நட்டப்பட்டவர் வேறு. முதலாவதில் பிள்ளைகள், இரண்டாவதில் குடும்பம் முழுவதும், மூன்றாவதில் மனைவியும் அவள் பிறந்த வீடும். தேசவழமை பேசாத இடங்களில் கைகொடுக்கும் ரோமன்-டச்சுச் சட்டத்திலும் ஊதாரித்தனம் ஒரு சட்டநிலை. நீதிமன்றம் ஒருவரை அவ்வாறு அறிவித்தால் அவருடைய சொத்தைப் பார்க்க வேறொருவர் நியமிக்கப்படுவார். ‘டிஸிபேஷன்’ என்ற சிதறடித்தலுக்கு யாழ்ப்பாணத் தமிழ் கணக்குப் புத்தகத்தின் துல்லியத்தோடு பதில் வைத்திருக்கிறது.

குடியைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் ‘வெறி’ என்றால் முதலில் குடிபோதை. வெறியில் நிற்கிறான் என்றால் தள்ளாடுகிறான். எப்போதும் அந்நிலையில் இருப்பவன் வெறிக்குட்டி. கள் விற்கும் தவறணை போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. தமிழ்க் காதுக்கு அதில் ‘தவறு’ ஒலித்தாலும் ஊரவர் அதை வெறும் இடப்பெயராகவே சொல்கிறார்கள்.

7. ஆணுக்குச் செயல், பெண்ணுக்குப் பெயர்

இதுவரை சொன்ன வசைகளுள் பெரும்பாலானவை ஆண்களுக்குரியவை. அவை பெரும்பாலும் திரும்பப் பெறக்கூடியவை. காவாலி திருந்துவான், குடிகாரன் விடுவான், கட்டாக்காலிக்குக் கட்டுப் போடலாம். பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் அவிசாரி, ஆட்டக்காரி, தட்டுவாணி போன்ற சொற்களில் அந்தத் திரும்பும் வழி இல்லை. ஆணின் வசை அவன் செய்ததைச் சொல்கிறது. பெண்ணின் வசை அவள் யார் என்று தீர்ப்பெழுதிவிடுகிறது.

இதில் இரு மொழிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பது வேதனையானது. ‘ஹார்லட்’ இடைக்கால ஆங்கிலத்தில் நாடோடி ஆணையும் போக்கிரியையும் குறித்தது. பிறகே அது பெண்ணின் மேல் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. தமிழில் திருக்குறளின் 1311ஆம் குறளில் ஊடும் மனைவி கணவனைப் பரத்தன் என்றே விளிக்கிறாள். பரத்தை என்ற சொல்லை இன்றும் பாடநூல் வைத்திருக்கிறது. பரத்தன் எங்கே போனான்? ஆண்பால் வடிவம் வழக்கிழந்ததால் இருவர் சேர்ந்து செய்த செயலின் பெயரை ஒருத்தி மட்டும் சுமக்கிறாள்.

விபசாரம் என்ற சொல்லும் அதே சுமையை ஏற்றியது. திருமணமானவர் துணைக்குச் செய்யும் துரோகம், பணத்துக்கான பாலுறவு ஆகிய இரண்டையும் அது குறிக்கிறது. இலங்கைச் சட்டத்தில் முதலாவது விவாகரத்துக்கான காரணம், குற்றமன்று. இரண்டாவதைச் சூழ்ந்து நாடோடிகள் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச்சட்டமும் நிற்கின்றன. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், மணமுறிவு வழக்குக்குப் போகும் பெண்ணின் மேல் ஊர் இரண்டாவதன் சாயத்தையும் பூசிவிட முடிகிறது.

8. இன்றைய பொதுச்சொல்

சொற்கள் இன்றும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. ‘உல்லாசம்’ அதற்கு ஒரு சிறு உதாரணம். இலங்கையில் அது உல்லாசப் பிரயாணியின் கண்ணியமான சொல், அரசாங்கப் பலகையில் நிற்பது. தமிழ்நாட்டுக் குற்றச்செய்திகளில் அதே சொல் தகாத உறவைப் பூடகமாகச் சொல்வது. பாக்கு நீரிணையின் இரு கரைகளில் ஒரு சொல் ‘லக்சரி’ போல ஏறியும் ‘லூட்’ போல இறங்கியும் இருக்கிறது.

அதைவிடக் கவலைக்குரியது ‘கலாசாரச் சீரழிவு’. போர் முடிந்து 2009இல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்துச் செய்தியிலும் மேடையிலும் இத்தொடர் வேரூன்றியது. மாணவருக்குப் போதைமாத்திரை விற்பதும் இதுதான், கடற்கரையில் ஓர் இளம்சோடி அருகருகே இருப்பதும் இதுதான், பெண் ஒருத்தியின் உடையும் இதுதான். முதலாவது பிள்ளைகளை அழிக்கும் கொடிய குற்றம். இரண்டாவதும் மூன்றாவதும் வளர்ந்தவர்களின் சொந்த வாழ்வு. முன்பு துன்மார்க்கம் செய்த வேலையை இத்தொடர் இன்று செய்கிறது: எல்லாவற்றையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்து, மிச்சத்தை நிரப்பும் பொறுப்பை வாசலில் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறது.

பொதுச்சொல் சமூகத்தின் உண்மையான துயரத்துக்குக் குரல் தருகிறது என்று வாதிடலாம். போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைப் பிய்த்தெறிந்த நிலத்தில் அத்துயரம் மெய்யானதுதான். ஆனால் அதற்குப் பெயர் வைக்கத் தேவையான சொற்கள் குடாநாட்டுத் தமிழிலேயே இருக்கின்றன. போதைமாத்திரை விற்றவனை விற்றவன் என்று எழுதலாம். மனைவியின் சீதனத்தை அழித்தவனை அப்படியே எழுதலாம். தெருவில் வெறியில் நின்று அடித்தவனை வெறியில் அடித்தவன் என்று எழுதலாம். இவ்வாறு எழுதினால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்குச் செய்தியே பதில் சொல்லவேண்டி வரும். கடற்கரையில் இருந்த சோடியைப் பற்றி அப்படி எழுத முயலும் செய்தியாளர், நட்டப்பட்டவரின் பெயருக்கான இடத்தை வெறுமையாகவே விடவேண்டியிருக்கும்.